தயாரித்தவர்: முத்துச்செல்வி

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு ரகுபதி சார் தானே எழுந்துபோய், மெஷினில் டீ பிடித்து வந்து என் முன்னால் வைத்தார். எங்கள் பர்ச்சேஸ் டிபார்ட்மென்டில் மேனேஜர் டீ கொண்டுவந்து கொடுத்தால், ஏதோ ஒரு பாரம் தலையில் ஏறப் போகிறது என்று அர்த்தம். போன தடவை அந்த டீயைக் குடித்த சிவசங்கர் மூன்று மாதம் குஜராத்தில் கிடந்துவிட்டு வந்தான்.

மேசைமேல் ஒரு அலுமினிய உறை இருந்தது. வண்டியின் இன்ஜினுக்குத் தண்ணீர் தள்ளும் பம்பின் மேல்கூடு. உள்ளங்கையில் அடங்கும். நாங்கள் ஹவுசிங் என்போம். உருக்கிய அலுமினியத்தை இரும்பு அச்சுக்குள் அழுத்தி அடித்து வார்த்து எடுப்பது. அந்த அச்சுக்குப் பெயர் டை. ஐந்து வருடமாக இந்த ஹவுசிங்கை எங்களுக்கு வார்த்துக் கொடுப்பது வல்லக்கோட்டைப் பக்கம் நடேசன் என்பவர் வைத்திருக்கும் சின்னத் தொழிற்சாலை. அங்கே டையைக் கழற்றி, துடைத்து, பழுது பார்த்து மாட்டுகிறவர் மாசானம். மாசானம் என் புருஷன்.

"இதை நடேசன்கிட்டேர்ந்து எடுக்கறோம்" என்றார் ரகுபதி சார். "மேல முடிவாயிடுச்சு. சின்ன சப்ளையர் எல்லாரையும் குறைக்கணுமாம். மூணு பெரிய கம்பெனிக்குக் கொட்டேஷன் கேட்டு மெயில் போகணும். நாளைக்குப் பன்னிரண்டு மணிக்குள்ள. டிராயிங், வருஷத்துக்கு எத்தனை பீஸ், எந்த அலாய் அலுமினியம், லீக் டெஸ்ட்டுக்கு எவ்வளவு பிரஷர், எல்லாத்தையும் போட்டு நீங்க ரெடி பண்ணுங்க."

"சார், என் ஹஸ்பண்ட் அங்க வேலை பார்க்கிறார்னு சேரும்போதே எழுதிக் கொடுத்திருக்கேன். நடேசன் ஃபைல் எதுவும் என் டேபிளுக்கு வரக் கூடாதுன்னு ரூல் இருக்கு."

"அவருக்கு ஆர்டர் கொடுக்கறதுலதான் நீங்க இருக்கக் கூடாது. எடுக்கறதுக்கு ரூல் ஒண்ணும் இல்லை."

இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கக்கூட இல்லை. சிரித்திருந்தால் கோபப்பட வசதியாக இருந்திருக்கும்.

டீக்கான காரணம் அதற்குப் பிறகுதான் வந்தது. குவாலிட்டிக்காரர்கள் ஹவுசிங்கை அளந்து கொடுத்த தாளை எடுத்து விரித்தார். டிராயிங்கில் இருப்பதற்கும் கையில் இருக்கும் பொருளுக்கும் மூன்று இடத்தில் வித்தியாசம். மூன்றையும் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டிருந்தார்கள். கழுத்துப் பக்கத்து மூலையின் வளைவு டிராயிங்கில் ஒரு மில்லிமீட்டர், பொருளில் மூன்று. தண்ணீர் நுழையும் வாய்க்குப் பின்னால் சுவர் கொஞ்சம் தடிமன். திருகு இறங்கும் குமிழின் அடியில் அரிசி அளவுக்கு ஒரு புடைப்பு.

மூன்று வருடத்துக்கு முன்னால், நான் இந்தக் கம்பெனியில் சேர்வதற்கு முன்பு, இந்த ஹவுசிங் ஒழுகியது. ஆர்டரே போய்விடும் என்ற நிலையில் மாசானம் இரண்டு நாள் வீட்டுக்கு வராமல் டையோடு உட்கார்ந்து எதையோ இழைத்துச் சரி செய்தார். அதோடு ஒழுகல் நின்றது. டிராயிங்கை மட்டும் யாரும் தொடவில்லை. டிராயிங்கில் ஒரு கோடு மாற வேண்டுமென்றால் சாம்பிளிலிருந்து எல்லாவற்றுக்கும் மறுபடி அப்ரூவல் வாங்க வேண்டும், இரண்டு மாதம் போகும். நல்ல பீஸ் வருகிறது, எதற்கு வம்பு என்று நடேசன் பக்கமும் சொல்லவில்லை, எங்கள் கம்பெனியும் கேட்கவில்லை. எங்கள் ஒரகடம் தொழிற்பேட்டையில் பாதி டிராயிங்குகளின் கதை இதுதான். காகிதம் ஒன்று சொல்லும், பொருள் இன்னொன்றாக இருக்கும், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்.

"அளந்தா நம்பர் வரும், முத்துச்செல்வி. காரணம் வராது" என்றார் ரகுபதி சார். "அஞ்சு வருஷம் ஓடின டை. இதுல எது வேணும்னு செஞ்சது, எது டை தேய்ஞ்சு தானா வந்ததுன்னு ஒருத்தருக்குத்தான் தெரியும். வீட்டுல பேச்சுவாக்குல கேளுங்களேன்."

"என்னன்னு சொல்லிக் கேட்கிறது சார்?"

"அது உங்க சாமர்த்தியம். ஆனா விஷயம் வெளியில போகக் கூடாது. நடேசனுக்குத் தெரிஞ்சா நாளைக்கே சப்ளையை நிறுத்துவார். புது டை ரெடியாக அஞ்சு மாசம் ஆகும். லைன் நின்னுச்சுன்னா நீங்களும் நானும் வீட்டுக்குத்தான்."

ரகசியம் காப்பேன் என்ற தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். நானும் போட்டேன். டீ ஆறிப் போயிருந்தது. குடிக்காமல் வைத்துவிட்டு வந்தேன், அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

எனக்குக் கவலை ஆர்டரைப் பற்றி அல்ல. ஆர்டர் வரும், போகும். ஓசூரில் டை செய்கிற ஒரு கம்பெனி மாசானத்துக்கு நல்ல வேலை வைத்துக்கொண்டு காத்திருந்தது. சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். ஒரு வாரமாக வீட்டில் அதே பேச்சு. நடேசனோ, புது மாடல் பம்ப்பும் நமக்குத்தான் வரும், டை வேலை நடக்கும் டூல் ரூமுக்கு நீதான் இன்சார்ஜ் என்று இவரிடம் சொல்லி வைத்திருந்தார். அதை நம்பி இருப்பதா, ஓசூருக்குப் போவதா என்று இவர் தராசு பிடித்துக்கொண்டிருந்தார். அந்த ஹவுசிங் போய்விட்டால் நடேசனுக்கு மிஞ்சுவது சில்லறை வேலைகள்தான். அங்கே டூல் ரூமும் இருக்காது, இன்சார்ஜும் இருக்காது.

"ஓசூருக்குப் போங்க" என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் மாசானத்திடம் வெறும் வார்த்தை செல்லாது. ஏன் என்பார். ஏன் என்று சொன்னால் மறுநாள் காலையிலேயே முதலாளியிடம் போய் நிற்பார். உப்புத் தின்ற இடத்தில் மூடி மறைக்கத் தெரியாது அவருக்கு. அந்தக் குணத்துக்காகத்தான் அவரை எனக்குப் பிடித்தது. அன்றைக்கு அதே குணத்தின்மேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது.

கம்பெனி பஸ்ஸில் வரும்போது இன்னொரு நினைப்பும் வந்தது. கேட்காமலே விட்டுவிட்டால்? பழைய டிராயிங்கையே அனுப்பிவிட்டால்? புதுக் கம்பெனி அதன்படி டை வெட்டுவான், ஹவுசிங் ஒழுகும், ஆர்டர் தானாக நடேசனிடம் திரும்பி வரும். வழியில் இருக்கும் பண்ருட்டி கூட்ரோடு ஸ்டாப் வரைக்கும் அந்த நினைப்பு சுகமாகத்தான் இருந்தது. அப்புறம், ஒழுகுகிற பம்ப் எவன் வண்டியில் இருக்கும், அவன் எந்தச் சாலையில் நிற்பான் என்று நினைத்தேன். அந்தத் தாளின் கீழே 'தயாரித்தவர்' என்ற கட்டத்தில் என் பெயர் இருக்கும் என்பதும் ஞாபகம் வந்தது. எது முதலில் வந்தது என்று கேட்காதீர்கள்.

வல்லக்கோட்டையில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். ஏழு மணிக்கு மாசானம் வந்தார். சோப்புத் தூளைப் போட்டு முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவினார். டைக்கு அடிக்கிற எண்ணெய் வாசனை எத்தனை கழுவினாலும் போகாது. நான் பைக்குள்ளிருந்து ஹவுசிங்கை எடுத்து சமையல் மேடையில் வைத்தேன்.

"ஏட்டி, இதை எதுக்கு வீட்டுக்குத் தூக்கிட்டு வந்த? எங்க கம்பெனிக் குழந்தைல்லா இது" என்று சிரித்துக்கொண்டே கையில் எடுத்தார்.

"டிராயிங்குல இல்லாத மூணு இடம் இருக்காம் அத்தான். குவாலிட்டியில வட்டம் போட்டுருக்காவ. எது நீங்க செஞ்சது, எது தேய்மானம்?"

அவர் முகம் மாறியதை நான் எப்படிச் சொல்ல! மூன்று வருடமாக யாரும் கேட்காத கேள்வி அது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உயரம் ஓர் அங்குலம் கூடிவிட்ட மாதிரி நிமிர்ந்து நின்றார்.

"இந்தா, இந்த மூலை இருக்குல்லா. ஒரு மில்லி வளைவுன்னு எவன் போட்டானோ. அலுமினியம் ஆறும்போது சுருங்குமா இல்லையா? மூலை கூர்மையா இருந்தா அங்கதான் பிய்க்கும். நான் கல்லு போட்டுத் தேய்ச்சு மூணு ஆக்குனேன். இந்தச் சுவருக்கும் நான்தான் டையை இழைச்சேன், டையில இழைச்சா பீஸு தடிக்கும்லா. தண்ணி வந்து மோதுற இடம், ஒல்லியா இருந்தா எப்படித் தாங்கும்?"

"மூணாவது? இந்தக் குமிழுக்குக் கீழ?"

விரலால் அந்த அரிசிப் புடைப்பைத் தடவினார்.

"அது தேய்மானம். அதை விட்டுரு" என்றார்.

கரண்ட் பில் அட்டையின் பின்பக்கத்தில் மூலையை வரைந்து, எங்கே ஆரம்பித்து எங்கே முடிய வேண்டும் என்று அம்பு போட்டுக் கொடுத்தார். நான் அதை மடித்து பைக்குள் வைத்தேன். திருடனுக்கு வீட்டுக்காரனே டார்ச் அடித்துக் காட்டினால் திருடனுக்கு எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது எனக்கு.

"அப்ப டிராயிங்கைத் திருத்தப் போறீங்களா?" என்றார்.

"ம்."

"புது மாடல் எங்களுக்குத்தான்னு சொல்லு."

நான் வாயைத் திறந்தேன். சொல்லக் கூடாது என்றும், சொல்லாமல் இருக்க முடியாது என்றும் ஒரே நேரத்தில் இரண்டும் முட்டிக்கொண்டன. கடைசியில் வந்தது இன்னொரு "ம்". ஆமாம் என்று சொல்லவில்லை என்று பிறகு எனக்கு நானே வாதாடிப் பார்த்தேன். புருஷன் பொண்டாட்டிக்குள் "ம்" என்றால் ஆமாம்தான். அது பொய்தான். நான் செய்தது துரோகம்தான்.

"ஓசூரும் நல்ல இடம்தான அத்தான்? போனா என்ன?" என்று கொஞ்சம் கழித்துக் கேட்டேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

"என்னட்டி, என்னைய விரட்டப் பாக்கியா? வாரத்துக்கு ஒருக்கா பஸ்ஸுல வந்து பொண்டாட்டி முகத்தைப் பார்த்துட்டுப் போகணும்னு எனக்கு என்ன தலையெழுத்து?" என்றார். நான் மாவு கரைக்கத் திரும்பிக்கொண்டேன். அவர் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார். திரும்பி வந்து ஐந்து தோசை சாப்பிட்டார். எனக்கு ஒன்றுகூட இறங்கவில்லை.

சனிக்கிழமை காலையில் எட்டரைக்கே ஆபீசில் உட்கார்ந்துவிட்டேன். அலாய், எடை, வருட எண்ணிக்கை, லீக் டெஸ்ட், டை யாருக்குச் சொந்தம், முதல் சாம்பிள் எத்தனை வாரத்தில் என்று கட்டம் கட்டமாக நிரப்பினேன். டிராயிங் பிரிவு ரஞ்சனி என் பக்கத்தில் உட்கார்ந்து மூலையை மூன்றாக்கினாள், சுவரைத் தடிமனாக்கினாள். கரண்ட் பில் அட்டையைப் பார்த்து, "யாரு போட்டது? செம கை" என்றாள். மூன்றாவது இடத்தில், 'டை தேய்மானம், கணக்கில் கொள்ள வேண்டாம்' என்று குறிப்பு எழுதச் சொன்னேன்.

ரகுபதி சார் ஒரு பார்வை பார்த்து ஓகே சொன்னார். பதினொன்றரைக்கு மூன்று கம்பெனிக்கும் மெயில் போனது.

போன பிறகு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. பன்னிரண்டுக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. மெயில் போய்விட்டது, என் கடமை முடிந்துவிட்டது, இனி என் புருஷனிடம் நான் பேசினால் எவன் என்னை என்ன செய்ய முடியும் என்று ஒரு வீம்பு. வீம்பா பயமா தெரியவில்லை. ரகசியத் தாளில் போட்ட கையெழுத்து என்ன ஆனாலும் ஆகட்டும் என்று படிக்கட்டுப் பக்கம் போய் அவர் நம்பரைப் போட்டேன்.

எடுத்தது நடேசன்.

"இன்னாம்மா, நல்லாகீறியா? உங்காளு மெஷினாண்ட கீறாரு, போனு என் டேபிள்ல கீது. நானே உனக்கு போன் போடணும்னு இருந்தேன்."

"எதுக்குண்ணே?"

"டிராயிங்கத் திருத்துறீங்களாமே! மாசானம் காலைல வந்ததும் வராததுமா சொல்லிட்டாரு. மூணு வருசமா இத எப்படிக் கேக்கறதுன்னு முழிச்சிக்கினு இருந்தேன்மா. அப்புறம் அந்த ஓசூரு மேட்டரு. வேணாம்னு நேத்தே சொல்லிட்டாராமே, வூட்ல சொல்லலியா? என் வயித்துல பால வார்த்தாரும்மா. இரு, கூப்புடறேன்."

மெஷின் இரைச்சலுக்கு நடுவே மாசானத்தின் குரல் வந்தது.

"என்னட்டி, டிபன் பாக்ஸ மறந்துட்டியா?"

"கொஞ்சம் வெளிய வாங்க அத்தான்."

இரைச்சல் தூரமாகும் வரை காத்திருந்தேன்.

"ஓசூருக்கு எப்ப வேண்டாம்னு சொன்னீய?"

"நேத்துதான். நீ மாவு கரைச்சிட்டு இருந்தல்லா, மாடிக்குப் போய்ப் பேசிட்டு வந்தேன். ஏன்?"

"இப்பவே கூப்பிட்டு வாரேன்னு சொல்லுங்க. பன்னெண்டு வரைக்கும் டைம் இருக்குல்லா."

"அந்த இடத்துக்கு வேற ஆளைப் போட்டுட்டாவட்டி. காலைல மெசேஜ் வந்துட்டு" என்றார். "செல்வி, என்ன விஷயம்?"

மாசானம் அதிகம் படிக்காதவர்தான், ஆனால் முட்டாள் இல்லை. ஒரு பீஸைக் கையில் எடுத்து எங்கே விரிசல் விடும் என்று சொல்கிறவர்.

"நேத்து நான் சொன்னதெல்லாம் யாருக்கு எழுதின?"

"மூணு கம்பெனிக்கு" என்றேன். "உங்க கம்பெனி அதுல இல்ல அத்தான்."

சொல்லிவிட்டேன். இவ்வளவு நேரம் என்னைப் போட்டு நெரித்தது வெளியே வந்ததும் லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்று இருந்தது.

"அனுப்பிட்டியா?"

"பதினொன்றரைக்கு."

"அந்த மூணாவது இடத்தை என்னன்னு எழுதின?"

"தேய்மானம்னு. கணக்குல எடுக்க வேண்டாம்னு."

"அது தேய்மானம் இல்லட்டி" என்றார். "அன்னைக்கு ரெண்டு நாள் தூங்கலல்லா, கிரைண்டர் கை வழுக்கிப் பட்டு, டையில அங்க ஒரு குழி விழுந்துட்டு. டை போச்சுன்னு நடுங்கிட்டேன். ஆனா அதுக்குப் பொறவுதான் குமிழுகிட்ட விரிசல் நின்னுச்சு. மொதலாளிக்கே தெரியாது. உன்கிட்டயும் சொல்ல வெட்கமா இருந்துச்சு. மத்ததெல்லாம் மூளையால செஞ்சேன், அது மட்டும் கை வழுக்கி வந்துச்சுன்னு எப்படிச் சொல்ல?"

"அது இல்லாம வார்த்தா?"

"முடி மாதிரி விரிசல் விடும். உங்க டெஸ்ட்டுல தெரியாது. வண்டி கொஞ்ச நாள் ஓடி, சூடாகி ஆறின பொறவு ஒழுகும்."

எனக்கு நேற்று பஸ்ஸில் வந்த நினைப்பு திரும்ப வந்தது. இந்தத் தடவை நான் தேடிப் போகவில்லை, அதுவாகவே எதிரில் வந்து நின்றது.

"அப்ப இருக்கட்டும் அத்தான்" என்றேன். குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது. "நான் ஒண்ணும் திருத்தல. அவன் ஒழுக விடட்டும். ஒரு வருசத்துல ஆர்டர் உங்ககிட்டயே திரும்பி வரும்."

"வரும்" என்றார். "அந்தத் தாளுக்குக் கீழ யாரு பேரு இருக்கு?"

தயாரித்தவர் கட்டத்தை நினைத்துக்கொண்டேன்.

"உன் பேருதான? எழுதிக்கோ. குமிழுக்கு அடியில, உள்பக்கமா. நீளம் நாலு மில்லி, உயரம் அரை. ஓரம் சரிவா முடியணும், படி மாதிரி நிக்கக் கூடாது. எழுதுனியா?"

என்னிடம் பேப்பர் இல்லை. உள்ளங்கையில் எழுதினேன்.

பின்னால் நடேசன், "மாசானம், டீ வந்துகீது!" என்று கூப்பிடுவது கேட்டது. எவ்வளவு சந்தோஷமான குரல்!

"அவருகிட்ட என்ன சொல்லுவீய?" என்று கேட்டேன்.

"என்னத்தச் சொல்ல?" என்றார். "சொன்னா உனக்கு வேலை போவும். சொல்லலன்னா நான் அவரு மூஞ்சியப் பார்த்து டீ குடிக்கணும்." போனை வைத்துவிட்டார்.

நேற்று மூன்று மணியிலிருந்து நான் மட்டும் மாட்டிக்கொண்டு தவித்த இடத்துக்குள் இப்போது அவரையும் இழுத்துப் போட்டுவிட்டேன். இனி தினமும் காலையில் அவர் அந்த கேட்டுக்குள் போக வேண்டும், அந்த டையைத் துடைத்து மாட்ட வேண்டும், ஐந்து மாதம் வாயைத் திறக்காமல். மூடி மறைக்கத் தெரியாத மனுஷன்.

மேலே வந்து ரஞ்சனியை உட்கார வைத்து மூன்றாவது இடத்தை வரையச் சொன்னேன். குறிப்பை எடுத்துவிட்டு அளவைப் போட்டோம். முன்பு அனுப்பிய டிராயிங்கைப் பயன்படுத்த வேண்டாம், திருத்தியது இணைப்பில் உள்ளது என்று மூன்று கம்பெனிக்கும் மறுபடி மெயில் எழுதினேன். தயாரித்தவர் கட்டத்தில் என் பெயரை கம்ப்யூட்டர் தானாகவே போட்டுக்கொண்டது. பன்னிரண்டு அடிக்க மூன்று நிமிடம் இருந்தது.

ரகுபதி சார் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று பார்த்தார். "பிரமாதம், மூணாவதும் கிடைச்சுடுச்சா? நல்லாக் கேட்டு வாங்கிட்டீங்களே!" என்றார்.

"நான் கேட்கலை சார்" என்றேன். "அவரே கொடுத்தார்."